பெத்ரோனிலாவின் ஞானத் தகப்பன்

வில்கமார்க்கா சுகாதார நிலையம்,
ஜூன் 3

அன்புள்ள எவாரிஸ்தோ அண்ணனுக்கு,

தங்கை நிகாசியா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் என் கோழிகளும் சௌக்கியம். அரெக்கிப்பாவில் உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? போன இரண்டு கடிதங்களிலும் இதையே கேட்டேன். இரண்டுக்கும் நகரசபைக் குடிநீர் வழக்கைப் பற்றித்தான் பதில் வந்தது.

ஒரு நல்ல செய்தியும் ஒரு வில்லங்கமும் இருக்கின்றன. நல்ல செய்தியை முதலில் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை எங்கள் நிலையத்துக்கு ஒரு டிஜிட்டல் ஸ்டெதாஸ்கோப் வந்தது. உள்ளங்கையில் அடங்கும் வட்டம். குழந்தையின் நெஞ்சிலும் முதுகிலும் வைத்தால் அழுகையையும் வெளிச்சத்தத்தையும் வடிகட்டிவிட்டு மூச்சை மட்டும் பெரிதாக்கித் தருகிறது. நிமோனியாவா, வெறும் சளியா என்று தானே கணித்து விளக்கும் காட்டுகிறது. பச்சை என்றால் வீட்டுக்குப் போகலாம். மஞ்சள் என்றால் மறுநாள் வரவேண்டும். சிவப்பு என்றால் முதல் மருந்தைக் கொடுத்துவிட்டு உடனே ஜூலியாக்கா நகரத்து ஆஸ்பத்திரி. எல்லோரும் கேட்க ஒலிபெருக்கியும் உண்டு.

போன குளிர்காலத்தில் நான் பயந்துபோய் மூன்று தாய்மாரை ஜூலியாக்காவுக்கு அனுப்பினேன். மூன்றும் வெறும் சளி. ஆட்டை விற்று வேனுக்குக் கொடுத்தவர்கள் என்னைத் திட்டித் தீர்த்தார்கள். அதற்குப் பிறகு நான் போகச் சொன்ன இரண்டு பேர் போகவில்லை. அந்த இரண்டு குழந்தைகளும் இன்று இல்லை. இந்தக் குளிர்காலமும் அப்படிப் போய்விடக் கூடாது என்பதைத் தவிர எனக்கு வேறு வேண்டுதல் இல்லை.

வில்லங்கம் ஊர்க் கூட்டத்தில் வந்தது. தலைவர் தோரிபியோ கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நர்சம்மா, இதுக்கு ஞானஸ்நானம் ஆச்சா?"

"இது கருவி, தலைவரே."

"லாரிகூடக் கருவிதான். பள்ளிக்கூடக் கூரை, கால்பந்து, கம்பத்து விளக்கு, எதுக்கு இங்க ஞானத் தகப்பன் இல்ல? தண்ணிக் குழாய்க்கு மட்டும் அவசரத்துல வைக்காம விட்டோம். மொதப் பனியிலயே வெடிச்சுப் போச்சு. பேரு வைக்காத சாமானை எம் பேரன் நெஞ்சுல வைக்கவா?"

அவர் பேரன் வில்பெருக்கு எட்டு மாதம். மற்ற தாய்மாரும் அவர் பக்கமே தலையாட்டினார்கள். பஞ்சாங்கத்தைப் பார்த்தார்கள். கருவி வந்த மே 31 புனித பெத்ரோனிலாவின் திருநாள், எனவே பெயர் பெத்ரோனிலா. ஞானத் தகப்பன் இந்த ஊரில் பிறந்தவராகவும், படித்தவராகவும், வாய் பேசத் தெரிந்தவராகவும் இருக்க வேண்டும் என்றார்கள். எல்லாக் கைகளும் உயர்ந்தன, அண்ணா. உங்களைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள்.

சீக்கிரம் வாருங்கள். ஜூலைக் குளிர் இந்த முறை முந்திக்கொண்டு வருகிறது.

உங்கள் பாசமுள்ள தங்கை,
நிகாசியா

*

அரெக்கிப்பா,
ஜூன் 15

அன்பிற்குரிய தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உன் நலம் அறிந்து மகிழ்ந்தேன். கோழிகளின் நலத்தையும் குறித்துக்கொண்டேன். என் நலத்தைப் பொறுத்தவரை, புகார் செய்வதற்கு உரிய காரணம் எதுவும் தற்போது இல்லை.

என் முன்னிலையிலோ என் சம்மதத்தோடோ நடைபெறாத ஒரு தேர்தலின் வழியாக எனக்கு வழங்கப்பட்டிருக்கும் பதவியைக் குறித்துச் சில ஐயங்களை எழுப்ப வேண்டியவனாக இருக்கிறேன். ஞானத்தந்தை என்பவர் குழந்தையின் வளர்ப்புக்குப் பொறுப்பாளர் என்பது நம் ஊர் வழக்கம். பெத்ரோனிலா தவறான விளக்கைக் காட்டினால் அந்தப் பொறுப்பு யாரைச் சாரும்? அவள் கீழே விழுந்து உடைந்தால் நான் துக்கம் அனுசரிக்க வேண்டுமா, நஷ்டஈடு கொடுக்க வேண்டுமா? அவள் சுகாதாரத் துறையின் அசையும் சொத்து. அரசாங்கச் சொத்து ஒன்றைத் தனிநபர் ஒருவர் ஞானமகளாக ஏற்க முடியுமா என்பதற்கு முன்தீர்ப்பு எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. தேடச் சொல்லியிருக்கிறேன்.

இதற்கிடையில், நீ செவிமடுக்கும் ஒவ்வொரு குழந்தையின் தாயிடமும் எழுத்துமூலமான சம்மதம் பெற்றுக்கொள். பெருவிரல் ரேகை தெளிவாக இருக்கட்டும். எந்த நோயையும் காலத்தே பரிசோதித்துக்கொள்வதன் அவசியத்தை அத்தாய்மாருக்கு நான் வலியுறுத்தியதாகவும் சொல்.

இக்கடிதம் நான் சொல்லச் சொல்ல என் குமாஸ்தாவால் எழுதப்படுகிறது. காரணம் சிறிதளவு தொண்டை வறட்சி. வேறு காரணம் எதுவும் இல்லை.

உடல்நலத்தைப் பேணவும்.

இங்ஙனம், பொறுப்பு எதையும் ஏற்காத நிலையில்,
உன் அண்ணன்
எவாரிஸ்தோ மச்சாகா, வழக்கறிஞர்

*

வில்கமார்க்கா,
ஜூன் 19

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலம். நீங்கள் நலமா என்று இந்த முறை நர்ஸாகக் கேட்கிறேன். கை வலித்தால் குமாஸ்தாவை எழுதச் சொல்லலாம். தொண்டை வறண்டவர் யாராவது மூன்று பக்கத்துக்கு வாயால் சொல்லிக்கொண்டிருப்பாரா? மேசையில் நிமிர்ந்து உட்கார முடிகிறதா, இல்லையா? அதை மட்டும் எழுதுங்கள்.

உங்கள் கடிதத்தைக் கூட்டத்தில் படித்துக் காட்டினேன். நிறையப் பேருக்குப் புரியவில்லை. அதனால் மரியாதை இன்னும் கூடிவிட்டது.

"பாத்தியா, எப்படி எழுதியிருக்காரு!" என்றார் தோரிபியோ. "இவருதான் சரி. ஆனா நர்சம்மா, வரச் சொல்லு. ஞானத் தகப்பன் இல்லாம மொத ஆளா யாரு படுக்கிறது?"

இதை நீங்கள் மறந்திருக்கலாம். லாரியின் ஞானத் தகப்பன்தான் அதில் முதலில் ஏறினார், முதல் பள்ளத்தில் முதலில் விழுந்தவரும் அவர்தான். கூரையின் ஞானத் தகப்பன் முதல் மழையில் அதன் கீழ் உட்கார்ந்தார். அதே வழக்கப்படி பெத்ரோனிலாவை முதலில் வைக்கவேண்டியது உங்கள் நெஞ்சில். அது ஆகும்வரை எந்தத் தாயும் குழந்தையின் கட்டை அவிழ்க்கமாட்டாள். இந்தக் குளிரில் பிள்ளையை நெய்த பட்டையால் விறகுக்கட்டு மாதிரி இறுகச் சுற்றி வைத்திருக்கிறார்கள். சுற்றின் மேல் கருவியை வைத்தால் கேட்பது கம்பளி உரசும் சத்தம்தான்.

தோரிபியோவின் மருமகள் பிளாசிதா நேற்று வில்பெரைத் தூக்கி வந்தாள். மூக்கு ஒழுகுகிறது. "அவிழ்த்துக் காட்டு" என்றேன். "ஞானத் தகப்பன் வரட்டும், நர்சம்மா. நீங்க போன வருசம் எங்க நாத்தனாரை வீணா அலையவிட்டீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அடுத்த வேனிலேயே வாருங்கள்.

தங்கை நிகாசியா

*

அரெக்கிப்பா,
ஜூலை 6

அன்பிற்குரிய தங்கைக்கு,

நலம். அவ்விடத்து நலத்தை அறிய விழைகிறேன். பதில் தாமதமானதற்கு வருந்துகிறேன். நீதிமன்றத்தின் படிக்கட்டுகளைப் பழுதுபார்க்கிறார்கள். எனவே அண்மைக் காலமாக வீட்டிலிருந்தே பணியாற்றுகிறேன். அதனால் பணி குறையவில்லை, இரட்டித்திருக்கிறது.

வர இயலாத சூழலில், அனைவருக்கும் ஏற்புடைய தீர்வு ஒன்றைக் கண்டிருக்கிறேன். பள்ளி ஆசிரியர் அபுந்தியோவை என் பிரதிநிதியாக நியமித்து, முத்திரையிட்ட அதிகாரப் பத்திரம் ஒன்றை இத்துடன் இணைத்திருக்கிறேன். அதன் சாரம் வருமாறு:

"மேற்படி அபுந்தியோ அவர்கள், மேற்படி பெத்ரோனிலா என்னும் கருவிக்குப் பெயர் சூட்டவும், பூமித்தாய்க்குப் பீர் வார்க்கவும், வண்ணக் காகிதம் தூவவும், என் சார்பில் மகிழ்ச்சி தெரிவிக்கவும், தேவைப்பட்டால் நடனமாடவும் அதிகாரம் பெறுகிறார். என் உடலைச் செவிமடுப்பதற்கு உட்படுத்துவது மட்டும் இவ்வதிகாரத்திலிருந்து நீங்கலாகும். பிரதிநிதியின் நெஞ்சில் கேட்கப்படும் எந்த ஒலியும் என் நெஞ்சின் ஒலியாகக் கருதப்படலாகாது."

இது எல்லாத் தரப்பையும் பாதுகாக்கிறது என்று நம்புகிறேன். உன் கேள்விக்குப் பதில்: நாற்காலியில் அமர்கிறேன்.

உன் நலம் நாடும்,
எவாரிஸ்தோ மச்சாகா

*

வில்கமார்க்கா,
ஜூலை 10

அன்புள்ள அண்ணனுக்கு,

நாற்காலியில் அமர்வதாக எழுதியிருக்கிறீர்கள். சாய்ந்தா, நிமிர்ந்தா என்று எழுதவில்லை.

அதிகாரப் பத்திரம் வந்தது. அபுந்தியோ வாத்தியார் அதில் எழுதியதை எழுதியபடியே செய்தார். பீர் வார்த்தார், காகிதம் தூவினார், உங்கள் சார்பில் மகிழ்ச்சி தெரிவித்தார், தேவைக்கு மேலேயே ஆடினார். கடைசியில் சட்டையைக் கழற்றப் போனபோது தோரிபியோ தடுத்தார்.

"நில்லுங்க வாத்தியாரே. காகிதம் என்ன சொல்லுது? உங்க நெஞ்சு அவரு நெஞ்சு ஆகாதுன்னு சொல்லுது. அப்ப நீங்க யாருக்காகக் காட்டப் போறீங்க?"

"எனக்காக."

"நீங்க ஞானத் தகப்பன் இல்லையே!"

வாத்தியார் பத்திரத்தை இரண்டு தடவை படித்துவிட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டார். பெத்ரோனிலாவுக்கு இப்போது பெயர் இருக்கிறது, ஞானஸ்நானம் பாதிதான் ஆகியிருக்கிறது என்று தீர்ப்பாகிவிட்டது. பாதி ஞானஸ்நானம் அறவே இல்லாததைவிட ஆபத்தாம். முன்பு அவளை மேசையில் வைத்திருந்தேன். இப்போது ஊரார் கேட்டுக்கொண்டபடி துணி போர்த்தி வைத்திருக்கிறேன்.

சிரித்தாயிற்று. இனி நடந்ததை எழுதுகிறேன். வில்பெர் நேற்றிலிருந்து பால் குடிக்கவில்லை. மூச்சு இழுக்கும்போது மூக்கு விரிகிறது. நான் பிளாசிதா வீட்டு வாசலில் நின்று கெஞ்சினேன். மருந்தை வாங்கிக்கொண்டாள். ஜூலியாக்கா என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இன்னொன்று. வேன் ஓட்டும் சாத்துர்னினோ போன வாரம் அல்பாகா ரோமம் விற்க அரெக்கிப்பா வந்தபோது உங்கள் வீட்டுக் கதவைத் தட்டினானாம். நீங்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து திறந்தீர்களாம். நீதிமன்றப் படிக்கட்டும் நன்றாகத்தான் இருக்கிறதாம், அவன் அதில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறான்.

வாருங்கள், அண்ணா. இரண்டு நெஞ்சுக்காகவும் கேட்கிறேன்.

நிகாசியா

*

அரெக்கிப்பா,
ஜூலை 13

அன்புத் தங்கைக்கு,

வியாழக்கிழமை வேனில் வருகிறேன். இவ்வருகை எந்தப் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டதாகக் கருதப்படக் கூடாது. அந்தக் குழந்தையை வெளிக்குளிரில் விடவேண்டாம் என்று சொல்.

எவாரிஸ்தோ

*

ஜூலியாக்கா, ஆஸ்பத்திரி, ஆண்கள் பிரிவு,
ஜூலை 24

அன்பிற்குரிய தங்கைக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். எனக்கு வலது நுரையீரலின் அடிப்பாகத்தில் நிமோனியா என்றும், காசநோய் இல்லை என்றும் எழுத்துமூலமாகத் தெரிவித்திருக்கிறார்கள். காய்ச்சல் இறங்கியிருக்கிறது. சூப்பில் உப்பு இல்லை.

வில்பெர் குழந்தைகள் பிரிவில் இருக்கிறான். இன்னமும் பிராணவாயு வைத்திருக்கிறார்கள். தாமதித்திருந்தால் என்று மருத்துவர் தொடங்கினார், பிளாசிதாவின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். நான் நாள்தோறும் சக்கர நாற்காலியில் சென்று அந்தக் கண்ணாடிக்கு வெளியே சிறிது நேரம் இருக்கிறேன். அங்கே எனக்குச் செய்வதற்கு ஒன்றும் இல்லை என்று செவிலியர் சொல்கிறார்கள். அது உண்மைதான்.

இக்கடிதத்தின் நோக்கம் வேறு. ஊர்க் கூட்டத்தில் நான் பேசியதாக பிளாசிதா இங்கே ஏதோ சொல்லிவருகிறாள். செவிலியர் என் படுக்கையைக் கடக்கும்போதெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். ஒருத்தி என்னை "சாட்சி" என்று அழைக்கிறாள். காய்ச்சலின் காரணமாக என் நினைவு கைதட்டல் வரையில் தெளிவாகவும், அதற்குப் பின் தெளிவின்றியும் இருக்கிறது. நடந்ததை நடந்தவாறு, கூட்டாமலும் குறைக்காமலும் எழுதி அனுப்பவும்.

உன் அண்ணன்,
எவாரிஸ்தோ

*

வில்கமார்க்கா,
ஜூலை 27

அன்புள்ள அண்ணனுக்கு,

உப்பில்லாத சூப்பைக் குடியுங்கள். கூட்டாமல் குறைக்காமல் எழுதச் சொன்னீர்கள், எழுதுகிறேன்.

வேனிலிருந்து கோட்டும் கழுத்துப்பட்டையுமாக இறங்கினீர்கள். முகம் சாம்பல் நிறம். ஊர் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் கூடியிருந்தது. தோரிபியோ உங்கள் தலையில் வண்ணக் காகிதத்தைக் கொட்டினார். நான் பெத்ரோனிலாவின் துணியை விலக்கினேன். சட்டையைக் கழற்றச் சொன்னதும் குளிர் என்றீர்கள். பிறகு கண்ணியம் என்றீர்கள். அதற்கும் பிறகு உள்பனியனோடு சரி என்று சமரசம் பேசினீர்கள். கூட்டம் சமரசத்துக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

உங்கள் முதுகில் கருவியை வைத்தேன். ஒலிபெருக்கியைப் போடு, எல்லோரும் கேட்கவேண்டும் என்று பின்வரிசையில் கத்தினார்கள். போட்டேன். இடப்பக்கம் காற்று ஒழுங்காகப் போய் வந்தது. வலப்பக்கம் அடியில் வைத்தேன். சடசட, பொறிபொறி.

"ஐயையோ!" என்றாள் பின்வரிசைக் கிழவி ஒருத்தி. "வக்கீலய்யா நெஞ்சுக்குள்ள யாரோ சோளம் வறுக்கிறாங்கடி!"

"நல்லா முத்தின சோளம்!" என்றார் இன்னொருவர்.

சிவப்பு விளக்கு எரிந்தது. விளக்கு வேண்டியிருக்கவில்லை, என் காதே போதுமாயிருந்தது.

நீங்கள் சட்டையை மாட்டிக்கொண்டு, கருவியோடு வந்த கையேட்டைக் கேட்டீர்கள். நான்காம் பக்கத்தைப் பிரித்துப் பிடித்தீர்கள்.

"பெரியோரே," என்றீர்கள். "இந்தக் கருவி ஐந்து வயதுக்கு உட்பட்டவங்களுக்கு மட்டுமேன்னு இங்க அச்சடிச்சிருக்கு. எனக்கு ஐம்பத்தெட்டு. எல்லையைத் தாண்டி ஒரு நீதிபதி தீர்ப்புச் சொன்னா அது தீர்ப்பே இல்ல. ஆகவே இந்தச் சிவப்பு என்னைக் கட்டுப்படுத்தாது. எனக்கு ஒண்ணுமில்ல!"

கைதட்டல் கூரையைத் தூக்கியது. அவ்வளவு அழகான பேச்சை இந்த ஊர் கேட்டதில்லை. தோரிபியோ கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் உங்களைக் கொன்றிருப்பேன்.

சடங்கு முடிந்தது, அடுத்தது பிள்ளைகள் என்றார்கள். பிளாசிதாதான் முதலில் வந்தாள். பட்டையைச் சுற்றுச் சுற்றாக அவிழ்த்தாள். மூச்சுக்கு மூச்சு வில்பெரின் விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. கருவியை வைத்தேன். அதே சோளம், சின்னச் சட்டியில். சிவப்பு.

"பிளாசிதா, இப்பவே கிளம்பணும். மருந்து குடுக்கிறேன், வேன் நிக்குது."

அவள் பட்டையை எடுத்துத் திரும்பச் சுற்ற ஆரம்பித்தாள்.

"எதுக்கு நர்சம்மா? வக்கீலய்யாவுக்கும் செவப்புதானே எரிஞ்சுது? அவரு ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாரு. படிச்சவரு. அவருக்கு ஒண்ணுமில்லன்னா எம் புள்ளைக்கும் ஒண்ணுமில்ல."

நீங்கள் எழுந்தீர்கள். "அம்மா, நான் சொன்னது பெரியவங்களுக்கு. உன் பிள்ளைக்கு எட்டு மாசம். அதே நான்காம் பக்கத்தின்படி அவனுக்கு இந்தத் தீர்ப்பு முழுசாச் செல்லும்."

"அந்தப் பக்கம் எல்லாம் எனக்குத் தெரியாது. ஒரே சாமான், ஒரே வெளக்கு. நீங்க ஆஸ்பத்திரிக்குப் போறீங்களா?"

"எனக்குத் தேவை..."

"போறீங்களா, இல்லையா? நீங்க போனா நானும் வர்றேன். நீங்க இங்க உக்காந்து பீர் குடிச்சா நானும் வீட்டுக்குப் போறேன்."

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் கருவியைப் பட்டைக்கு அடியிலிருந்து எடுக்கவில்லை, அண்ணா. வில்பெரின் மூச்சு ஒலிபெருக்கியில் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது.

நீங்கள் கையேட்டை மூடினீர்கள். "என் வாதத்தை வாபஸ் வாங்கறேன்," என்றீர்கள்.

"அது செல்லாது," என்றார் தோரிபியோ. "கைதட்டியாச்சு. மாத்திப் பேசணும்னா சாட்சி வேணும்."

"சாட்சி இருக்கு." நாற்காலியை இழுத்து நடுவில் போட்டீர்கள். அதன் முன்னால் நின்று கேட்டீர்கள்: "சாட்சி, உம்ம பேரு?" நாற்காலியில் உட்கார்ந்து பதில் சொன்னீர்கள்: "எவாரிஸ்தோ மச்சாகா." மறுபடி எழுந்தீர்கள். "உமக்கு எவ்வளவு நாளா இருமல்?" உட்கார்ந்தீர்கள். "ஈஸ்டர் முடிஞ்சதிலிருந்து." எழுந்தீர்கள். "நீதிமன்றப் படிக்கட்டைப் பழுதுபார்க்கிறாங்களா?" உட்கார்ந்தீர்கள். "இல்ல. என்னால ஏற முடியல." எழுந்தீர்கள். "ராத்திரி எப்படித் தூங்குறீர்?" இந்த முறை உட்கார்ந்தவர் எழவில்லை. "உக்காந்துக்கிட்டு. படுத்தா மூச்சு முட்டுது." உட்கார்ந்தபடியே உங்களை நீங்களே அதட்டினீர்கள்: "பின்ன ஏன்யா டாக்டர்கிட்ட போகல?"

தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னீர்கள்: "பயம்யா. கேட்டா என்ன சொல்லிடுவாங்களோன்னு பயம்."

பின்வரிசைக் கிழவிதான் முதலில் பேசினாள். "இத மொதல்லயே சொல்லியிருந்தா இவ்வளவு பீரு வீணாயிருக்குமா?"

பிளாசிதா சுற்றிய பட்டையோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள். "ஏறுங்க வக்கீலய்யா," என்றாள். வேனில் தோரிபியோவின் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டீர்களாம். வழி முழுக்க ஆட்சேபணை, ஆட்சேபணை என்று முனகிக்கொண்டே போனீர்களாம்.

இவ்வளவுதான் நடந்தது. பொய் என்றால் ஊரே சாட்சி.

வில்பெரைப் பற்றி உடனே எழுதுங்கள்.

நிகாசியா

*

ஜூலியாக்கா,
ஆகஸ்ட் 3

அன்புத் தங்கைக்கு,

உன் அறிக்கை கிடைத்தது. இரண்டு திருத்தங்கள் மட்டும். நான் கேட்டது கையேடு அன்று, அதன் சான்றளிக்கப்பட்ட நகல். பீர் குடிப்பதாக நான் எங்கும் சொல்லவில்லை. எஞ்சியவற்றை மறுக்கும் நிலையில் நான் இல்லை.

வில்பெருக்கு நேற்றுக் காலை பிராணவாயுக் குழாயை எடுத்துவிட்டார்கள். மாலையில் பால் குடித்தான். கண்ணாடிக்கு வெளியே இருந்த என்னை உள்ளே அழைத்து, பிளாசிதா அவனை என் மடியில் வைத்தாள். அவன் என் கழுத்துப்பட்டையைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டான். நான் ஆட்சேபிக்கவில்லை.

முப்பது ஆண்டுகளில் பல வழக்குகளில் தோற்றிருக்கிறேன். தோற்றுவிட்டு இவ்வளவு நன்றாகத் தூங்கியது இதுவே முதல் முறை. இப்போது படுத்துத்தான் தூங்குகிறேன் என்பதை உனக்குத் தெரிவிக்கிறேன்.

வெள்ளிக்கிழமை இருவரையும் அனுப்பிவிடுவார்கள். குளிரில் நீ கவனமாக இரு.

அண்ணன் எவாரிஸ்தோ

*

வில்கமார்க்கா,
ஆகஸ்ட் 19

அன்புள்ள அண்ணனுக்கு,

அரெக்கிப்பா போய்ச் சேர்ந்ததாக நீங்கள் எழுதிய கடிதம் வந்தது. படி ஏறினீர்கள் என்று படித்து மகிழ்ந்தேன். மெதுவாக ஏறுங்கள்.

இங்கே பெத்ரோனிலாவுக்கு ஓய்வே இல்லை. பிளாசிதா வேனிலிருந்து வில்பெரோடு இறங்கிய நாளிலிருந்து வாசலில் வரிசை நிற்கிறது. பெரும்பாலும் பச்சைதான். பச்சை வந்தவர்கள் சண்டை போடுகிறார்கள். "நல்லாப் பாருங்க நர்சம்மா, இன்னொரு தடவை வைங்க, அவ புள்ளைக்கு மட்டும் மஞ்ச காட்டுச்சே!" தோரிபியோவுக்கு அறுபத்தேழு வயது. தினமும் வந்து சட்டையைக் கழற்றுகிறார். ஐந்து வயதுக்கு மேல் கூடாது என்று நான்காம் பக்கத்தைக் காட்டினேன். "அந்தப் பக்கத்தைத்தான் வக்கீலய்யா வாபஸ் வாங்கிட்டாரே!" என்கிறார். தயவுசெய்து உங்களுக்கே உரிய நடையில் ஓர் அறிவிப்பு எழுதி அனுப்புங்கள், கதவில் ஒட்டுகிறேன்.

செவ்வாய்க்கிழமை ஒரு சிவப்பு வந்தது. மேல்மேட்டு வீட்டு எர்லிந்தாவின் கைக்குழந்தை. போன குளிர்காலத்தில் நான் போகச் சொல்லியும் போகாமல் பிள்ளையை இழந்த இருவரில் இவளும் ஒருத்தி, இது அதற்குப் பின் பிறந்தது. எப்படிச் சொல்வது, எங்கே தொடங்குவது என்று மனதுக்குள் வாக்கியம் கட்டினேன். முதல் மருந்தைக் கொடுத்தேன். மேசைக்குத் திரும்பி ஆஸ்பத்திரிச் சீட்டை எழுத உட்கார்ந்தேன். பெயர், வயது, எடை. நிமிர்ந்து பார்த்தால் எதிரில் யாரும் இல்லை.

வெளியே வேன் உறுமியது. சீட்டைப் பிடித்துக்கொண்டு செருப்பில்லாமல் ஓடினேன். "நில்லு சாத்துர்னினோ! சீட்டு! சீட்டு இல்லாம எப்படி?" எர்லிந்தா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

"நீங்க பின்னால கொண்டாங்க நர்சம்மா! நாங்க முன்னால போறோம்!"

வளைவில் வேன் மறையும்வரை உறைந்த சேற்றில் நின்றேன். கால் மரத்துப் போனது. குழந்தை நலம் என்று இன்று செய்தி வந்தது.

உங்கள் தங்கை,
நிகாசியா